எந்த மரக்கால்?

உங்கள் ஊர் அடங்கலைப் பாருங்கள். சர்வே எண், பட்டாதாரர் பெயர், என்ன பயிர் என்பதெல்லாம் இருக்கும். நாற்றுப் பறித்தவர், கதிர் அறுத்தவர் பெயர் இருக்காது. அவர்கள் பிழைப்பு எப்படி மாறியது என்பது பெரியவர்கள் நினைவில்தான் இருக்கிறது. அதைக் கேட்டுப் பதிந்து வைப்பதைத்தான் வாய்மொழி வரலாறு என்கிறார்கள்.

தஞ்சைப் பக்கம் பரம்பரையாக ஒரே பண்ணையில் உழைத்தவர்களுக்காக 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே வருஷம் நவம்பர் கடைசியில் பெரும்புயலும் அடித்தது. "எந்த வருஷம் தினக்கூலிக்கு வந்தீங்க?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். அன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள்.

நானும் முதலில் அறுப்புக் கூலி எத்தனை மரக்கால் என்று மட்டும்தான் எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு பாட்டி மடக்கினார்: "எந்த மரக்கால் தம்பி? வாங்குறதுக்கு ஒண்ணு, குடுக்குறதுக்கு ஒண்ணுல்ல வச்சிருந்தாங்க!" பேனாவை மூடிவிட்டேன். கணக்கு நோட்டில் இது தெரியவே தெரியாது.

நினைவும் பிசகும்தான். அதனால் அறுத்தவரையும் அளந்து போட்டவரையும் தனித்தனியே கேளுங்கள். நடவுக் கூலி விவரம் பெண்களுக்குத்தான் அத்துப்படி. ஆண்கள் பக்கத்தில் இருந்தால் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள். கைபேசியில் பதிவதானால் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள். பரணில் பழைய மரக்கால் கிடந்தால் இறக்கி, நெல்லைக் கொட்டி, எத்தனை படி பிடிக்கிறது என்று அளந்து குறித்துவையுங்கள்.