தாமதமாய்க் கண்டெடுத்த ஸ்டாப்பர்

ரிக்கார்டோ அடே 1990 மே மாதம் ஹைத்தியின் ஆர்த்திபோனித் மாகாணத்தில், சென்-மார்க் என்ற கடலோர ஊரில் பிறந்த ஸ்டாப்பர், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர். தென் அமெரிக்கக் கால்பந்தில் அவர் பெயர் அடிபடத் தொடங்கியபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 2022இல் கீட்டோ நகரின் அவுகாஸ் கிளப்போடு ஈக்வடார் லீக் பட்டத்தை வென்றார். 1945இல் தொடங்கிய அந்தக் கிளப் அதுவரை லீக் சாம்பியன் ஆனதே இல்லை. மறு வருடம் அதே ஊரின் பெரிய கிளப்பான லிகாவுக்குப் போனார். 2023, 2024 என அடுத்தடுத்து அங்கேயும் லீக் பட்டங்கள். அவற்றுக்கு முன்பே, 2023 அக்டோபரில், தென் அமெரிக்கக் கிளப் போட்டியான கோப்பா சூடமெரிக்கானா. இப்படிப்பட்ட வீரரைத் 'தாமதமாக முதிர்ந்தவர்' என்று சொல்லிக் கடந்துவிடுவது விளையாட்டுப் பக்கங்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடே எப்போது முதிர்ந்தார் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமானால், அதற்கு முன்பே யாராவது அவர் ஆடுவதைத் தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்க ஆள் இல்லை.

ஸ்டிரைக்கரை விற்க இரண்டு நிமிட வீடியோ போதும். நாலு கோல், ஒரு துள்ளல், பின்னணியில் பாட்டு. ஸ்டாப்பரின் கதை வேறு. சரியான இடத்தில் முன்கூட்டியே நின்றுவிட்டதால் பந்தே அந்தப் பக்கம் வரவில்லை என்பதுதான் அவருடைய திறமை. வராத பந்தை எந்த வீடியோவில் காட்டுவது? ஒரு சீசன் முழுக்க, ஒழுங்காக நடக்கும் லீக்கில், வாராவாரம் பார்த்தால்தான் அது பிடிபடும். ஹைத்தியில் அது கிடைக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. 2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கம் வந்தபோது அடேவுக்கு வயது 19. வெளிநாட்டுக் கிளப்புகளின் ஆட்கள் இளைஞர்களைத் தேடி வரும் வயது அது. அந்த நாளில் தேசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் கட்டடமே இடிந்து, உள்ளே இருந்த நிர்வாகிகளும் பயிற்சியாளர்களுமாக முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். தலைநகரின் சில்வியோ கேட்டர் மைதானம் வீடிழந்தவர்களின் கூடார முகாமானது. ஆட்டக்காரர்களை எடைபோட வேண்டிய ஆட்களும் இடமும் ஒரே நாளில் போய்விட்டன.

இதைக் கற்பனை வாதம் என்று ஒதுக்குகிறவர்கள் ஹான்னஸ் டெல்க்ருவாவை எடுத்துப் பார்க்கட்டும். அவரும் அதே ஆர்த்திபோனித் மாகாணத்தில் பிறந்தவர்தான், அவரும் தடுப்பாட்டக்காரர்தான். சிறு குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்டு பெல்ஜியம் போய், அந்தர்லெக்ட் கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தார். 2020இல், 21 வயதில், பெல்ஜிய தேசிய அணிக்கு ஆடினார். 2023இல் இங்கிலாந்தின் பர்ன்லி வாங்கிக்கொண்டது. 2025இல் ஹைத்தி அணிக்கு வந்து, அடேவின் சக வீரரானார். இருவரில் யார் கெட்டிக்காரர் என்ற கேள்வி எனக்கு முக்கியமில்லை. இரண்டே பேரை வைத்து விதி எழுத முடியாது என்பதும் சரி. ஆனால் ஒருவரை 21 வயதில் உலகமே பார்த்துவிட்டது. இன்னொருவர் அந்த நிலைக்கு வர பத்து வருடம் கூடுதலாக ஆயிற்று. அந்தப் பத்து வருடத்தைத் திறமை வித்தியாசம் என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடேவுக்குத் திறந்த கதவு ஐரோப்பாவில் இல்லை. சிலியில் இரண்டாம் டிவிஷன் கிளப்பான சான்டியாகோ மார்னிங். பிறகு ஈக்வடாரில் முஷுக் ரூனா. முஷுக் ரூனா என்றால் கிச்சுவா மொழியில் 'புதிய மனிதன்'. மலைநாட்டுப் பழங்குடியினரின் கூட்டுறவுச் சேமிப்புச் சங்கத்திலிருந்து முளைத்த சின்னக் கிளப். 2010களில் பிழைப்புத் தேடிப் பல்லாயிரம் ஹைத்தியர்கள் சிலிக்குப் போன அதே தெற்குப் பாதைதான் இது. இத்தகைய கிளப்புகளிடம் பெரிய தொகை கிடையாது, அதனால் வயதைப் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். நாளைக்கு விற்று லாபம் பார்க்கும் கணக்கில் 30 வயது ஸ்டாப்பருக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கோல் வாங்காமல் இருக்க வேண்டிய கிளப்புக்கு அவர்தான் தேவை.

ஈக்வடார் லீக் என்ன பெரிய லீக்கா, கீட்டோவின் 2,850 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கும் எதிரணியைத் தடுப்பது ஒரு சாதனையா என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. 2025 கோப்பா லிபர்ட்டடோரஸ் அரையிறுதியில் கீட்டோவில் பிரேசிலின் பால்மைராஸை 3-0 என்று வீழ்த்திய லிகா, சாவோ பாவ்லோவில் 4-0 என்று தோற்று வெளியேறியது. உயரத்தின் தயவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2023 சூடமெரிக்கானா இறுதி ஆட்டம் நடந்தது உருகுவேயின் கடற்கரை ஊரான மால்டொனாடோவில். அங்கே பிரேசிலின் ஃபோர்ட்டலேசா அணியை 1-1 என்று பிடித்து நிறுத்தி, பெனால்டியில் வென்றார்கள். கடல் மட்டத்தில் எந்த மலை வந்து தடுத்தது?

2025 நவம்பர் 18 அன்று நிகராகுவாவை 2-0 என்று வென்று, 1974க்குப் பிறகு முதல் முறையாக ஹைத்தி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 35 வயது அடேவும் அந்தத் தகுதிச் சுற்று அணியில் இருந்தார். பிரேசில், மொராக்கோ, ஸ்காட்லாந்து இருக்கும் பிரிவில் இடம் கிடைத்தது. சில்வியோ கேட்டர் மைதானம் ஆயுதக் கும்பல்களின் பகுதியில் சிக்கியிருந்ததால், அந்த வெற்றி ஆட்டம் உட்பட கடைசித் தகுதிச் சுற்றில் ஹைத்தியின் 'சொந்த மண்' ஆட்டங்கள் நடந்தது சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி, குராசாவ் தீவில்.