பாதிக் கடலில் ஒரு சந்திப்பு

பிளேன்டீ ஆறுவதற்குள் குடி, பிள்ளை. கனடாவிலிருந்து பேராதனைக்கு ஒரு செமெஸ்டர் படிக்க வந்தாய், பாதி முடிந்தது. இதுவரை கற்றதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுத உட்கார்ந்தால் வீட்டு நினைப்புத்தான் வருகிறது என்கிறாய். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் உதவியில் போய்த் திரும்பிய நோர்வேக்காரர்களைப் பற்றி லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் 1955-இல் ஒரு கட்டுரை எழுதினார். கொஞ்ச நாள் இருந்தவர்களும் நெடுநாள் இருந்தவர்களும் அந்த ஊரோடு ஒட்டிப்போயிருந்தார்கள். நடுவில் அகப்பட்டவர்கள்தான் சோர்ந்திருந்தார்கள். அதற்காக எல்லோருக்கும் நடுவில்தான் சோர்வு வரும் என்று எடுத்துக்கொள்ளாதே. நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைப் பின்தொடர்ந்து 1998-இல் வெளிவந்த ஆய்வில், வந்திறங்கிய புதிதில்தான் திண்டாட்டம் அதிகம்.

என் கணிப்பு இது. வந்த புதிதில் எல்லாமே வேடிக்கை. இப்போது பஸ்ஸில் மிச்சக்காசைச் சிங்களத்தில் கேட்டு வாங்கிவிடுகிறாய். ஆனால் தங்கியிருக்கும் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது ஏன் என்று உனக்குப் புரியவில்லை. விருந்தாளியும் இல்லை, வீட்டாளும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் சில சேர்ந்து 1980-களிலிருந்து மாணவர்களைக் கண்டிக்கு அனுப்பி, அங்குள்ள குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கச் செய்தன. அந்தச் சிரிப்பு விளங்கத் தொடங்குவதற்குத்தான் அந்த ஏற்பாடு என்பேன்.

நாம் வந்திருக்கும் இந்த மாத்தளை அலுவிகாரைக் குகைக்கோயிலிலேயே, உன்னைப் போல வெளியிலிருந்து வந்த ஒரு மூத்த மாணவர் உனக்கு இருக்கிறார். மேலே அவருக்கென்று ஒரு குகை. கி.பி. 5-ஆம் நூற்றாண்டில், மகாநாம மன்னன் காலத்தில், சிங்களத்தில் இருந்த பௌத்த உரைகளைப் பாளிக்குக் கொண்டுவர இந்தியாவிலிருந்து வந்த புத்தகோசர். அனுராதபுரத்து மகாவிகாரைப் பிக்குகள் ஏடுகளைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. இரண்டு பாட்டுகளைக் கொடுத்து, முதலில் இதற்கு விளக்கம் எழுது என்றார்கள். அப்படி எழுதியதுதான் ‘விசுத்திமக்கம்’ என்று இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அவர் வரும் வழியில், உறையூர்க்காரரான புத்ததத்தர் மகாவிகாரையில் படித்துவிட்டு எதிரே திரும்பிக்கொண்டிருந்தாராம். நடுக்கடலில் கப்பல்கள் சந்தித்தன. உரைகளை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, நான் சுருக்கி எழுதுகிறேன் என்று புத்ததத்தர் கேட்டுக்கொண்டாராம். வரலாற்று ஆசிரியர்கள் இதை நம்புவது குறைவு. எனக்குப் பிடித்த கதை.

உன் பக்கங்களுக்கு வருவோம். ‘என் பார்வை விரிந்தது’ என்ற வரியை விமானம் ஏறும் முன்பே எழுதியிருக்கலாம். அது வேண்டாம். பார்த்த ஒன்றை முழுசாக எழுது. மேலே ஏடு எழுதிக் காட்டுகிறார்களே, அதையே எடுத்துக்கொள். தாளிப்பனை ஓலையை அவித்து, காயவைத்து, மெருகேற்றி வைத்திருப்பார்கள். எழுத்தாணி கீறும்போது எழுத்து சரியாகக் கண்ணில் படாது. பிறகு கரியும் எண்ணெயும் தடவித் துடைத்தால் கருப்பாய்த் தெளியும். எந்தக் கை ஓலையைப் பிடித்திருந்தது? நகர்ந்தது எழுத்தாணியா, ஓலையா? கவனிக்கவில்லையென்றால் இன்னொரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வா.

இங்கே ஏடு எழுதிக் காட்டுவதற்கும் காரணம் உண்டு. வாய்ப்பாடமாகவே வந்த பௌத்த மறைநூலான திரிபிடகத்தை வட்டகாமினி மன்னன் காலத்தில், கி.மு. 1-ஆம் நூற்றாண்டில், இங்கேதான் முதலில் எழுதி வைத்தார்கள் என்பது மரபு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் படையெடுப்பு ஒருபக்கம், கொடும் பஞ்சம் மறுபக்கம். மனப்பாடம் செய்திருந்த பிக்குகள் செத்துக்கொண்டிருந்தார்கள். எழுதி வைத்தது மட்டும் நிலைத்ததா என்றால் அதுவுமில்லை: ஆங்கிலேயருக்கு எதிரான 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது இங்கிருந்த ஏட்டுச்சாலை அழிந்தது. ஆனால் அதற்குள் நூல்கள் பர்மாவுக்கும் சயாமுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன.

உன் இரண்டு பக்கங்களில் கடைசி அரைப் பக்கத்தில், இன்னும் விளங்காதவற்றை எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரைக் கேட்கப் போகிறாய் என்றும் குறித்துவை. மிச்சமிருக்கும் வாரங்களுக்கு அதுவே உனக்குப் பாடத்திட்டம். வீட்டு நினைப்பையும் ஒரு வரி எழுதலாம், தப்பில்லை. அம்மாவிடம் போனில் அழுததை மட்டும் எழுதாதே. அதற்கு மார்க் போட மாட்டார்கள்.