மாணாக்கர் துயரும் கலாசாலைகளின் கடமையும்

தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்த ஏழை மாணாக்கர் ஒருவர், 2024-ஆம் வருஷம் 17,500 ரூபாயைக் குறித்த வேளைக்குள் கட்ட இயலாமல் அவ்விடத்தை இழந்தார். தகப்பனார் தினக்கூலி செய்பவர். பணத்தைத் திரட்டிச் செலுத்துவதற்குள் கெடு கடந்துவிட்டது. சென்னை ஹைக்கோர்ட்டு உள்படப் பல வாயில்களை அம்மாணாக்கர் தட்டினார். முடிவில், அவ்வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவைக் கொண்டு அவருக்கு இடமளிக்கும்படி உத்தரவிட்டது. நீதி கிடைத்தது, மகிழ்கிறோம். ஆனால் 17,500 ரூபாய்க்காக ஓர் ஏழைச் சிறுவன் தேசத்தின் மிக உயர்ந்த நீதிஸ்தலம் வரை ஏற வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "தம்பி, உன் கஷ்டம் என்ன?" என்று கேட்க வழியில்லாத ஏற்பாட்டைக் கல்வி நிர்வாகம் என்று எப்படி அழைப்பது?

2022-ஆம் வருஷத்தில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட மாணாக்கர் 13,044 பேர் என்று சர்க்காரின் குற்றப் பதிவேட்டு நிலையமே கணக்குக் கொடுத்திருக்கிறது. பள்ளிச் சிறுவர்களும் இதில் அடங்குவர். அதே வருஷத்தில் அவ்வாறு மாண்ட விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் 11,290 பேர். உழவர் துயரைப் பற்றித் தேசம் பேசுகிறது, பேசவும் வேண்டும். மாணாக்கர் துயரையோ பரீக்ஷைப் பயம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். தகப்பன் மரணம், தாயின் நோய், வட்டிக் கடன், ஜாதியின் பெயரால் சக மாணாக்கர் செய்யும் ஏளனம், ஆங்கிலப் பாடம் விளங்காத அவமானம் ஆகிய யாவும் இந்த ஒரு சொல்லுக்குள் மறைந்து போகின்றன.

2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, மாஜி நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் இவ்விஷயத்தை ஆராய ஒரு தேசியக் குழுவை நியமித்தது. அவ்வருஷம் ஜூலையில், நூறு மாணாக்கருக்குக் குறையாத ஒவ்வொரு ஸ்தாபனமும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் வைத்திருக்க வேண்டுமென்று விதித்தது. நல்ல விதிதான். ஆனால் மனமுடைந்தவன் ஆலோசகரின் அறையைத் தானாகத் தேடிச் செல்வது அபூர்வம். அவன் முதலில் வகுப்புக்கு வராமல் நிற்கிறான். பிறகு விடுதிப் பாக்கி ஏறுகிறது. பிறகு ஒரு பாடத்தில் தவறுகிறான். ஆகவே அவன் கஷ்டத்தை எல்லோருக்கும் முன் அறிவது ஆபீஸ் குமாஸ்தாவின் பேரேடும் ஆசிரியரின் வருகைப் பதிவேடும்தான். அவை அறிந்து செய்வதென்ன? அபராதம் போடுகின்றன, பரீக்ஷைக்கு உட்காரக் கூடாதென்று நோட்டீஸ் ஒட்டுகின்றன. 2016-இல் வருகைக் குறைவால் பரீக்ஷை எழுத விடப்படாத டில்லி சட்ட மாணாக்கர் ஒருவர் உயிர் துறந்தார். அவ்வழக்கில், வருகைக் குறைவுக்காகச் சட்ட மாணாக்கரைப் பரீக்ஷையிலிருந்து தடுக்கலாகாதென்று டில்லி ஹைக்கோர்ட்டு தீர்ப்பளித்தது 2025 நவம்பரில். இடையில் ஒன்பது வருஷம்!

முற்காலத்தில் வாரச் சாப்பாடு என்றொரு வழக்கம் இருந்தது. ஏழை மாணாக்கன் தினம் ஒரு வீட்டில் உண்டு படிப்பான். அவன் ஒருநாள் வராவிட்டால் அந்த வீட்டம்மாள் விசாரிப்பாள். அந்த அன்பு ஜாதி வரம்பைத் தாண்டாத அன்பு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை; அவ்வழக்கம் திரும்ப வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வராதவனை விசாரிக்கும் அந்த ஒரு குணத்தை இன்றைய கலாசாலை ஏன் கற்கலாகாது?

தமிழ்நாட்டில் 2022-இல் மாணவிகளுக்கும், 2024-இல் மாணவர்களுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவித் திட்டங்கள் தொடங்கப்பட்டதை வரவேற்கிறோம். எனினும் மாதப் படி வேறு, திடீர் ஆபத்து வேறு. தகப்பனார் இறந்த வாரத்தில் கட்டணக் கெடு வந்தால், அதை ஒத்திப்போட ஒரு பிரின்ஸிபாலுக்கு அதிகாரமும் சிறு நிதியும் இருக்க வேண்டும். விடுதிப் பாக்கிக்காக எவனுக்கும் சோறு நிற்கலாகாது. நோயினால் ஒரு பருவம் விலகியவன் தலை குனியாமல் திரும்பி வர வழி வேண்டும். அவன் சொன்ன ரகசியம் ஆசிரியர் அறையில் அரட்டையாகவும் கூடாது. ஒருமுறை அவ்வாறு ஆனால் அடுத்தவன் வாய் திறக்கமாட்டான்.

ஒழுங்கு கெடும், பொய்க் காரணம் சொல்வார்கள் என்பார்கள் சிலர். சொல்லட்டும், பத்துப் பேர் ஏமாற்றினால் சில நூறு ரூபாய் தாமதமாக வரும். அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாத சர்வகலாசாலை எதுவும் நாமறிந்தவரை இல்லை.

சிண்டிகேட்டுகள் கூடித் தீர்மானம் போடும்வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த பருவக் கட்டண நோட்டீஸில் கெடுத் தேதிக்குக் கீழே, கட்ட இயலாதவர் எந்த அறையில் யாரைக் காணலாம் என்ற ஒரு வரியையும், சர்க்காரின் மனநல உதவித் தொலைபேசி எண்ணான 14416-ஐயும் அச்சிட்டு ஒட்டட்டும்.