கோப்புகளை இடம் மாற்றும் முறை

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் பலர் இன்று கணினி நிரல் எழுதக் கற்று வருகின்றனர். பைத்தான் மொழியைக் கற்கத் தொடங்கிய மாணவர், தாம் கற்றதை முதன்முதலாகப் பயன்படுத்திப் பார்க்கும் இடம் பெரும்பாலும் தம் வீடேயாகும். பிறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கை முதலியவற்றைப் படமெடுத்துக் கணினியில் சேர்த்து வைத்துள்ள குடும்பங்கள் உண்டு. அவற்றை ஆண்டு வாரியாகப் பிரித்து வைக்கச் சிறு நிரல் ஒன்றே போதும்.

நூற்றுக்கணக்கான கோப்புகளை அந்நிரல் நொடியில் நகர்த்திவிடும். பிழையாக எழுதப்பட்டால், அதே நொடியில் அவற்றை அழித்தும் விடும். தோட்டம் கைமாறி, அலுவலகமும் இல்லாமற்போன பின்னர், ஒரு முதியவரின் உழைப்புக்கு அப்படம் ஒன்றே சான்றாக எஞ்சியிருக்கக்கூடும். ஆகவே, கோப்புகளை விரைவாகவும் பழுதின்றியும் இடம் மாற்றும் முறையை அறிந்துகொள்வது இன்றியமையாததாகும்.

பதிவை மாற்றுதலும் பொருளைச் சுமத்தலும்

தட்டில் கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்திலும், அதன் பெயரைக் குறிக்கும் பதிவு வேறோரிடத்திலும் இருப்பது பொதுவான ஏற்பாடு. ஒரே தட்டுப் பகுதிக்குள் கோப்பை நகர்த்தும்போது, உள்ளடக்கம் அசைவதில்லை. பதிவு மட்டுமே மாற்றி எழுதப்படுகிறது. லயத்து வீட்டின் எண்ணைக் கிராணியார் பேரேட்டில் மாற்றி எழுதுவதற்கு இதனை ஒப்பிடலாம். வீட்டிலுள்ள தட்டுமுட்டுச் சாமான்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். 1983ஆம் ஆண்டில் வெளிவந்த 4.2 பிஎஸ்டி இயங்குதளத்தில் 'ரீனேம்' என்னும் தனிக் கட்டளை இப்பணிக்கென அமைந்தது.

வேறு தட்டுக்கோ விரலிக்கோ நகர்த்துவது முற்றிலும் வேறான செயலாகும். அது வேறு தோட்டத்துக்குக் குடிபெயர்வதைப் போன்றது. சாமான்கள் அனைத்தையும் லாரியில் ஏற்றியாக வேண்டும். கணினி முதலில் நகல் எடுக்கிறது. பிறகு மூலத்தை அழிக்கிறது. வினாடிக்கு 100 மெகாபைட் எழுதும் தட்டுக்கு 4 ஜிகாபைட் அளவுள்ள கோப்பை மாற்ற ஏறத்தாழ 40 வினாடிகள் பிடிக்கும். ஒரே தட்டுப் பகுதிக்குள் அதே பணி கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். விண்டோஸ் கணினியில் சி, டி என்னும் இரு பகுதிகள் ஒரே தட்டில் அமைந்திருந்தாலும், அவற்றுக்கிடையே நகல் எடுத்தே தீர வேண்டும் என்பது கவனிக்கத்தக்கது.

பைத்தானில் 'ஷூட்டில்' தொகுதியிலுள்ள 'மூவ்' என்னும் கட்டளை இவ்விரு வழிகளையும் தானே கையாளுகிறது. முதலில் பதிவை மாற்ற முயல்கிறது. இயலாதபோது நகல் எடுக்கிறது. 2019இல் வெளிவந்த பைத்தான் 3.8 பதிப்பில் நகலெடுக்கும் பணி மேலும் விரைவாக்கப்பட்டது.

விரைவுக்கு வழி

ஒரு கோப்புறை முழுவதையும் நகர்த்த வேண்டுமாயின், அதிலுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதில்லை. ஒரே தட்டுப் பகுதிக்குள், 5,000 கோப்புகள் அடங்கிய கோப்புறையும் ஒரே பதிவு மாற்றத்தில் இடம் பெயரும். சிலவற்றை மட்டும் தெரிந்தெடுப்பதாயின், முதலில் பட்டியலைத் தயாரித்துக்கொண்டு, பின்னர் நகர்த்தத் தொடங்குதல் நன்று. படித்துக்கொண்டிருக்கும் கோப்புறையையே இடையில் மாற்றினால் சில கோப்புகள் விடுபடக்கூடும்.

மறைந்திருக்கும் பள்ளம்

புதிதாகக் கற்போர் பலர் ஒரு பிழையைச் செய்கின்றனர். '1985' என்னும் கோப்புறைக்கு 300 படங்களை ஒவ்வொன்றாக நகர்த்துமாறு நிரல் எழுதுகின்றனர். ஆனால், அக்கோப்புறையை உருவாக்க மறந்துவிடுகின்றனர். கணினி என்ன செய்யும்? '1985' என்பதைக் கோப்பின் பெயராகவே கொள்ளும். முதற்படம் அப்பெயரைப் பெறும். இரண்டாம் படம் அதன்மேல் எழுதப்படும். மூன்றாவது, இரண்டாவதை அழிக்கும். பிழைச் செய்தி ஏதும் தோன்றாது. இறுதியில் 300இல் ஒன்றே மிஞ்சும். கோப்புறையை முன்னதாகவே உருவாக்கி, சேரிடத்தைக் கோப்பின் முழுப் பெயரோடு குறிப்பிட்டால் இவ்விபத்தைத் தவிர்க்கலாம். அப்பெயரில் ஏற்கெனவே கோப்பு உள்ளதா என்பதையும் நிரல் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும்.

அளந்து போடும் முறை

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. வேறு தட்டுக்கு மாற்றும்போது மின்சாரம் தடைபடலாம், விரலி பிடுங்கப்படலாம். ஆதலால், முக்கியமான கோப்புகளுக்குப் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிப்பது நலம்.

1. சேரிடத்தில் தற்காலிகப் பெயரொன்றில் நகல் எடுக்கவும்.
2. மூலத்தின் அளவும் நகலின் அளவும் ஒத்துள்ளனவா எனப் பார்க்கவும். 'எஸ்எச்ஏ-256' என்னும் சரிபார்ப்பு எண்ணை இரண்டுக்கும் கணித்து ஒப்பிடுவது இன்னும் உறுதியானது.
3. ஒத்திருந்தால், தற்காலிகப் பெயரை உரிய பெயராக மாற்றவும்.
4. இறுதியாகவே மூலத்தை அழிக்கவும்.

இம்முறையில் எந்தக் கட்டத்தில் வேலை நின்றாலும் மூலமோ, சரிபார்க்கப்பட்ட நகலோ கையிலிருக்கும். பாதி எழுதப்பட்ட கோப்பு முழுக் கோப்பின் பெயரைத் தாங்கி நம்மை ஏமாற்றாது.

நிரலை முதன்முதலில் ஓட்டும்போது, எந்தக் கோப்பு எங்குச் செல்லும் என்பதைத் திரையில் எழுதிக் காட்டுமாறு மட்டும் அமைத்துக்கொள்ளலாம். அப்பட்டியலை வீட்டுப் பெரியவர்களோடு அமர்ந்து படித்துப் பார்ப்பது மேலும் சிறப்பு. எந்தச் சீட்டு எந்த ஆண்டுக்குரியது என்பதைக் கணினியைவிட அவர்களே நன்கறிவர். பட்டியல் சரியென்று கண்ட பிறகு நகர்த்தும் கட்டளையைச் சேர்க்கலாம். அதற்குச் செலவாகும் சில நிமிடங்கள், ஒருவர் பல்லாண்டு பாடுபட்டதற்கான சான்றுகளைக் காப்பாற்றித் தரும்.