கிண்ணத்துக்குள் விழும் வளையம்



மரத்தில் கிண்ணம் கடைகிறவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் ஒரு சங்கடம் உண்டு. வெளியும் உள்ளும் கடைந்தாயிற்று. லேத்தின் சக், அதாவது மரத்தைச் சுழற்றும் பிடி, கவ்விப் பிடிப்பதற்காக அடியில் விட்டிருந்த கட்டை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சீவ வேண்டுமானால் கிண்ணத்தைத் திருப்பி மாட்ட வேண்டும். திருப்பினால் கவ்வ இடமில்லை. இதற்காக வந்ததுதான் வேக்குவம் சக். உருளை மாதிரி இருக்கும். அதன் வாய் விளிம்பில் நுரை ரப்பர் வளையம். கிண்ணத்தின் உட்பக்கத்தை அந்த வளையத்தின் மேல் பொருத்தி பம்பை ஓட்டினால், லேத்தின் நடுத்துளை வழியாக உள்காற்று வெளியேறும், கிண்ணம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அடியைச் சீவி முடித்துக் கழற்றிப் பார்த்தால் உள்ளே, கண் முதலில் போகிற இடத்தில், வட்டமாக ஒரு தடம்.

உடனே ரப்பர் மேல் பழி விழும். வேறு ரப்பர், வேறு நுரை என்று தேட ஆரம்பித்துவிடுவோம். ரப்பருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் முதல் காரணம் அது இல்லை என்று ஒரு சின்னக் கணக்கே சொல்லிவிடும்.

சக்கின் குறுக்களவு 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 177 சதுர செ.மீ. பம்பின் வெற்றிட அளவு காட்டும் கேஜ் முள் 10 அங்குலப் பாதரசம் காட்டினால், வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் மூன்றில் ஒரு பங்கு கிலோவுக்குச் சற்று மேலாக அழுத்துகிறது. மொத்தம் சுமார் 60 கிலோ. முள் 20-க்குப் போனால் 120 கிலோ. கிண்ணத்தைப் பிடித்திருப்பது வெளியே இருக்கும் காற்றின் கனம்தான். அந்தக் கனம் முழுவதையும் தாங்குவது ரப்பர் வளையம்.

வளையம் 6 மி.மீ. அகலத்துக்குப் படிந்தால், 60 கிலோ சுமார் 28 சதுர செ.மீ.யில் பரவும்; சதுர செ.மீ.க்கு இரண்டு கிலோ சொச்சம். வெறும் 2 மி.மீ. விளிம்பில் உட்கார்ந்தால் அதுவே ஆறரை கிலோ. அகலமான, மெத்தென்ற வளையம் நல்லது என்பது இதனால்தான். ஆனால் ஆறரை கிலோவுக்கும் காய்ந்த மரம் அசையாது. பைன் போன்ற மெத்து மரமே அதன் நார்களுக்குக் குறுக்காகச் சதுர செ.மீ.க்குச் சுமார் 30 கிலோ வரை தாங்கும். அப்படியானால் பதிந்தது எதில்? மரத்தின் மேல் நீங்கள் ஏற்றிய பூச்சில்.

ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல மெல்ல இறுகுபவை. சில நாளில் கைக்கு ஒட்டாது. முழுக்க இறுக வாரக்கணக்காகும். லாக்கர் சில நிமிடங்களில் தொட்டால் காய்ந்ததாகத் தெரியும். உள்ளே சிக்கிய கரைப்பான் பல நாள் கசிந்துகொண்டிருக்கும். இந்த நிலையில் சக்கில் ஏற்றினால், காலுறையின் எலாஸ்டிக் கணுக்காலில் பதிவதுபோல வளையம் பூச்சில் பதியும். கிண்ணத்துக்குள் மூக்கை வைத்துப் பாருங்கள். பூச்சு வாசனை வந்தால் இன்னும் இறுகவில்லை என்று அர்த்தம்.

அரக்குப் பூச்சின் கதை வேறு. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைபவர்கள் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். அரக்கு பூசிய கிண்ணம் சக்கில் லேசாக வழுக்கிச் சுற்றினாலும் இதேதான் நடக்கும்: வளையம் உராய்ந்த இடத்தில் மட்டும் அரக்கு இளகி, பளபளப்பு மாறிவிடும். ஆகவே மெல்லிய சீவலாக எடுங்கள். முடிந்தவரை லேத்தின் மறுமுனையிலுள்ள டெயில்ஸ்டாக்கை முட்டுக் கொடுத்து வைத்து, நடுவில் மிஞ்சும் சிறு குமிழைச் சீவும்போது மட்டும் அதை விலக்குங்கள்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து வேலையின் வரிசையை மாற்றுவது. உட்பக்கத்தை உப்புத்தாள் போட்டு முடியுங்கள், பூச்சு வேண்டாம். வெறும் மரமாகவே சக்கில் ஏற்றி அடியை முடியுங்கள். கழற்றிய பிறகு உள்ளும் வெளியும் அடியும் ஒரே மூச்சில் பூசுங்கள். கிண்ணம் சக்கில் இருக்கும்போது அடிக்கு மட்டும் பூசிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஓக், ஆஷ் போன்ற துளை பெருத்த மரங்களில் காற்று மரத்தின் ஊடாகவே உள்ளே போகும். ஈரப் பூச்சையும் கூடவே இழுத்துப்போய் உட்பக்கத்தில் புள்ளிகளாகக் கக்கிவிடும்.

வெறும் மரத்தை ஏற்றுவதால் கவனிக்க வேண்டியவையும் உண்டு. கறுப்பு ரப்பர் வெளிறிய மரத்தில் கரி தீற்றினாற்போல் சாயம் விடும். மேப்பிள் போன்ற வெள்ளை மரத்துக்கு வெள்ளை ஃபோம் ஷீட்டை வளையமாக வெட்டி ரப்பருக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் வையுங்கள். காற்று ஊடுருவாத நுரையாக இருக்க வேண்டும், துணி வைத்தால் காற்று ஒழுகும். சிலிக்கோனைத் தவிர்ப்பது நல்லது. அதன் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் பிறகு பூசும் வார்னிஷ் ஒட்டாமல் குழி குழியாக விலகும். ஒவ்வொரு முறையும் வளையத்தைத் துடையுங்கள். அறுபது கிலோ கனம் ஒரு மரத்தூள் துணுக்கின் மேல் இறங்கினால் மரமே குழியும். ஈரம் காயாத ஓக் மரத்தில் சக்கின் இரும்பு விளிம்பு படவே கூடாது. அதன் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் நீலக் கறுப்புக் கறைதான்.

கேஜ் முள் அதிகம் காட்டினால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். சுவர் மெல்லியதாக இருந்தால் கிண்ணம் உள்நோக்கி நொறுங்கிவிடும். காற்றை உள்ளே விடும் வால்வைக் கொஞ்சம் திறந்து, வேலைக்குத் தேவையான அளவே வையுங்கள். பம்பை நிறுத்தும்போது மறு கை கிண்ணத்தின் மேல் இருக்கட்டும்.

தடம் ஏற்கெனவே விழுந்துவிட்டதா? பூச்சில் விழுந்தது என்றால் அது முழுக்க இறுகும்வரை பொறுத்து, 400-ஆம் எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மறுபடி பூசுங்கள். இறுகிய பூச்சின் மேல் ரப்பர் கறை இருந்தால் டர்பன்டைன் நனைத்த துணி போதும். வெறும் மரம் குழிந்திருந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒற்றுங்கள். நார் அறுபடாதவரை நீராவியில் பெரும்பாலும் எழும்பிவிடும்.

புது ரப்பருக்குக் காசு செலவழிப்பதற்கு முன்னால், அடுத்த கிண்ணத்துக்குப் பூச்சைக் கடைசியில் போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும்.