தெருவுக்கு இப்பக்கம் ஒரு நாடு, அப்பக்கம் ஒரு நாடு

தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டு ரிவேராவும், பிரேசில் நாட்டு சாந்தானா தோ லிவ்ரமென்தோவும் பெயரளவில்தான் இரண்டு ஊர்கள். நேரில் பார்த்தால் ஒரே ஊர்தான். நடுவே 1943-ல் திறக்கப்பட்ட சர்வதேசப் பூங்கா. வேலி இல்லை, பாஸ்போர்ட் கேட்பாரும் இல்லை. சுங்கச் சோதனை எல்லாம் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில்தான்.

பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வியாபாரிகளாயிற்றே, நேரே கடைத்தெருவுக்கு நடந்தோம். ரிவேராவின் சராந்தி சாலையில் வரியில்லாக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மதுவும் வாசனைத் திரவியமும் வாங்க பிரேசில்காரர்கள் குவிகிறார்கள். உருகுவே குடிமக்களுக்கு அங்கே விற்கக் கூடாது என்பது சட்டம். உள்ளூர் வாடிக்கையாளருக்கே விற்க முடியாத கடை என்றால் நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

உருகுவே மக்களோ அரிசி, சர்க்கரை, எண்ணெய், சோப்பு வாங்கப் பையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறார்கள். கிலோக் கணக்கில் சுமந்து சென்று விற்பவர்களுக்கு அங்கே 'கிலேரோ' என்றே பெயர். சட்டப்படி அது கடத்தல்தான்; ஆனால் அதை நம்பி உலை வைக்கும் குடும்பங்களும் உண்டு.

நம் மனம் நின்றது ரிவேராவின் சாதாரண மளிகைக்காரரிடம்தான். வாடகை, வரி, கூலி எல்லாம் அவருக்கு உருகுவே கணக்கு. நாலு எட்டு தள்ளி இருக்கும் போட்டிக் கடைக்கோ பிரேசில் கணக்கு. 1999 ஜனவரியில் பிரேசில் தன் நாணயத்தைச் சந்தையின் போக்கில் விட்டது. டாலருக்கு 1.21 ரியாலாக இருந்தது இரண்டே மாதத்தில் 2 ரியாலைத் தாண்டியது. எதிர்ப்பக்கச் சரக்கு ஒரேயடியாக மலிந்துபோனது. இவர் எடையில் குறைத்தாரா, தரத்தில் குறைத்தாரா? ஒன்றுமில்லை. இருந்தும் வாடிக்கை தெருவைக் கடந்துவிட்டது. 2002 ஜூனில் உருகுவே பேசோவும் சரிந்தது. காற்று கொஞ்சம் திரும்பியது.

இப்படிப்பட்ட இடத்தில் எப்படிக் கடை நடத்துவது? நாம் பார்த்த சிறு கடைகளில் மூட்டை அடுக்கி வைப்பதில்லை. அன்றாடம் வேண்டிய ரொட்டி, பால், காய்கறிதான் முக்கியச் சரக்கு. இரண்டு நாட்டுப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். தெரிந்த முகத்துக்குக் கடன் உண்டு. அதற்கு 'லிப்ரேத்தா' என்று ஒரு சிறு நோட்டு. நம்மூர் பற்றுச் சிட்டையேதான்! எதிர்ப்பக்கத்துப் பெரிய கடை விலையைக் குறைக்கலாம், சிட்டை போட்டுத் தராது.

வரியில்லாக் கடைக்காரர்களுக்கும் நிம்மதி இல்லை. இத்தகைய எல்லை ஊர்களில் தன் பக்கமும் அதே மாதிரிக் கடைகள் வைக்க, 2012-ல் பிரேசில் சட்டம் செய்துவிட்டது.