நிலத்தடியில் கண்ணாடி இழைத் தொட்டிகள்

மும்பை மாநகரின் குடிநீரில் பெரும்பகுதி தொலைவிலிருந்து வருவதாகும். 1860-ஆம் ஆண்டில் விஹார் ஏரியிலிருந்து குழாய் நீர் வரத் தொடங்கியது. 1892-இல் தான்சா ஏரியும், 1957-இல் வைதரணை ஆற்றின் கீழணையும் அதற்குத் துணையாயின. ஆயினும் பெரும்பாலான பகுதிகளில் நாளொன்றுக்குச் சில மணி நேரமே குழாயில் நீர் வருகின்றது. அதன் அழுத்தம் மேல் மாடிகளுக்கு ஏறப் போதுவதில்லை. ஆகவே நீரை முதலில் நிலத்தடித் தொட்டியில் இறங்கவிட்டு, பின்னர் மின்சாரப் பம்பினால் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகின்றனர். தமிழ்நாட்டில் ‘சம்ப்’ என வழங்குவதும் இதுவே. குடும்பங்கள் பருகும் நீர் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத இத்தொட்டியைக் கடந்தே வருகின்றது.

தமிழர் பலர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தாராவி, மித்தி ஆற்றையும் மாகிம் கழிமுகத்தையும் அடுத்த, சதுப்பைத் தூர்த்து உண்டான நிலமாகும். இத்தகைய இடங்களில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும், உப்பும் கலந்திருக்கும். உப்பு கான்கிரீட்டினுள் ஊறி இரும்புக் கம்பியை அடையுமாயின் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட் பிளந்துவிடும். தொட்டி நிறைந்திருக்கும்போது வெடிப்பின் வழியே நல்ல நீர் வெளியேறும். அது நஷ்டம் மட்டுமே. தொட்டி வறண்டிருக்கும்போதோ, சுற்றிலுமுள்ள அசுத்த நீர் உள்ளே கசியும். சாக்கடையும் குடிநீர்த் தொட்டியும் அண்டை அயலாக அமைந்த இடத்தில் இதன் விளைவை விவரிக்க வேண்டுவதில்லை.

கண்ணாடி இழைத் தொட்டியின் முதன்மையான அனுகூலம் இங்கேதான் உள்ளது. மயிரினும் மெல்லியதாக இழுக்கப்பட்ட கண்ணாடி நூல்களைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்வதால் இப்பொருள் உண்டாகின்றது. களிமண்ணில் வைக்கோலைப் பிசைந்து சுவர் எழுப்பிய நம் முன்னோரின் உபாயமும் இதுவே. நூல் வலிமையைத் தருகின்றது. பிசின் உருவத்தைக் காக்கின்றது. துருப்பிடிக்க இதில் இரும்பில்லை. எடை, அதே பருமனுள்ள எஃகின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கேயாம். செம்பூரிலோ மாதுங்காவிலோ பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாக எழுப்புவோர், ஆயத்தமான தொட்டியை ஒரே நாளில் குழியில் இறக்கிவிடலாம். தாராவியின் சந்துகளில் வீடுதோறும் இத்தொட்டி என்பது வெறும் பேச்சு; வாயிலில் நீலப் பீப்பாய் வைக்கவே அங்கு இடம் அரிது. பள்ளி, பொதுக் கழிப்பிடம் போன்றவற்றிற்கே அது பொருந்தும்.

எனினும் இதே இலேசான தன்மை ஓர் அபாயத்தையும் உடன் கொணர்கின்றது. விற்பனையாளர் இதனை உரக்கச் சொல்வதில்லை. 10,000 லிட்டர் கொள்ளும் தொட்டியின் எடை சில நூறு கிலோகிராம் மட்டுமே. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து அதனை முழுதும் சூழும்போது தொட்டி காலியாக இருக்குமாயின், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி ஏறத்தாழ 10 டன் விசை அதனை மேல்நோக்கித் தள்ளும். தொட்டி படகுபோல் மிதந்தெழுந்து, குழாய்களை முறித்து, தரையையும் பெயர்த்துவிடும். ஆகவே அடியில் கான்கிரீட் தளம் அமைத்து, துருப்பிடியாத பட்டைகளால் தொட்டியை அதனுடன் பிணைத்தல் அவசியம். இதிலும் ஒரு நுட்பம் உண்டு: 2.4 டன் எடையுள்ள ஒரு கன மீட்டர் கான்கிரீட், நீரினுள் 1.4 டன் அளவிற்கே தொட்டியை அழுத்திப் பிடிக்கும். மேல்மண்ணின் பாரத்தைச் சேர்க்காமல் கணக்கிட்டால், மேற்கூறிய தொட்டிக்கு ஏறக்குறைய 7 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். சுற்றிலும் மணலையோ பொடிச் சரளையையோ இட்டு நிரப்புக. கூரிய கல் சுவரைக் குத்தும். தொட்டியைக் கழுவிக் காலி செய்யும் வேலையைக் கோடையிலேயே முடித்துக்கொள்வது நன்று.

மூடியைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்து 1911-இல் அறிக்கை அளித்த டாக்டர் பென்ட்லி, நகரத்துக் கிணறுகளில் பெருகும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசுவே நோயைப் பரப்புவது எனக் கண்டார். திறந்த தொட்டியும் அக்கொசுவுக்குக் கிணறே. ஆதலால் மூடி இறுகப் பொருந்துவதுடன், காற்றுக் குழாயின் வாயிலும் மெல்லிய வலை இருத்தல் வேண்டும். 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாக்ருஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய வெள்ளத்தில் தரைமட்டத்தில் மூடியுள்ள தொட்டி எதனால் செய்யப்பட்டிருப்பினும் தெரு நீரால் நிறைந்துவிடும். வாயின் விளிம்பை, அவ்விடத்தில் முன்பு வெள்ளம் நின்ற குறிக்கு மேலே உயர்த்திக் கட்டுவதற்கு ஆகும் செலவு சொற்பமே.